கம்பம் கம்பமாக என் குரல்

போன வாரம் ஒரு காலைப் பொழுது முழுக்க நான் மயிலாப்பூரில் விளக்குக் கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். குரல் மட்டும்தான். உடம்பு பத்திரமாக லஸ் முனையில், ஒரு கீற்றுப் பந்தலுக்குள், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

போக்குவரத்து வாரம் கொண்டாடினார்களே, பார்த்திருப்பீர்கள். லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிப் புனலைக் கட்டிவிட்டார்கள். பந்தலில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு மைக். தினமும் காலையில் ஒரு பிரமுகர் வந்து, வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சாலைத் தகவல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இந்தத் தகவலெல்லாம் கார் ரேடியோவிலேயே வந்துவிடுகிறதாம். நம் ஊரில் எத்தனை காரில் ரேடியோ இருக்கிறது? ஹார்னே சில கார்களில்தான் இருக்கிறது. ஆகவே ரேடியோவைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு வக்கீல் பேசினார். அடுத்து ஒரு டாக்டர். அப்புறம் ஒரு கல்லூரி முதல்வர். மயிலாப்பூரில் பிரமுகர்கள் தீர்ந்துபோவார்கள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? தீர்ந்துபோனார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ரேடியோவில் பேச வேண்டும் என்று வாலிபத்திலிருந்தே ஓர் ஆசை உண்டு. ஒருமுறை குரல் தேர்வுக்குக்கூடப் போனேன். நான் படித்து முடித்ததும் தேர்வாளர் கண்ணைத் திறந்து, "குரலில் ஒரு சாந்தம் இருக்கிறது" என்றார். அவர் கண்ணை எப்போது மூடினார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதோடு சரி. அந்த ஆசை இத்தனை வருஷம் கழித்து, லஸ் முனையில், கீற்றுப் பந்தலில் வந்து நிறைவேறுகிறது என்றால் விடுவேனா?

ஆச்சரியம் என்னவென்றால், வீட்டிலும் உற்சாகம். வழக்கமாக என்னை யாராவது பேசக் கூப்பிட்டால் என் மனைவி கமலா, "ஏன், அவங்களுக்கு வேற யாரும் கிடைக்கலையா?" என்பாள். இந்தத் தடவை சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள். நிதானமாகப் பேசுங்கள், சீக்கிரம் வர வேண்டும் என்று அவசியமே இல்லை என்றாள்.

காரணம் இருக்கிறது. அன்றைக்குத்தான் அவளுக்கு டிரைவிங் டெஸ்ட்.

இந்த இடத்தில் என் மாமனாரையும் அவருடைய காரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும். மாமனார் அடையாறில் இருக்கிறார். கார், பச்சை நிறம். சின்னதாக, உருண்டையாக இருக்கும். குடும்பத்தில் அதற்குப் பெயர் பட்டாணி. சாயங்காலமானால் பட்டாணியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு சுற்று சுற்றி, கடற்கரையில் நிறுத்தி, இறங்காமலே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். போன வருஷம் அவருக்குக் காலில் பலம் போய்விட்டது. கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. டிரைவர் வைத்தார்கள். அந்த டிரைவர் சொந்தமாக டாக்ஸி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா மாமனார்? சாயங்காலம் வழக்கம்போல் சட்டை மாற்றிக்கொள்வார். தலை வாரிக்கொள்வார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், நிற்கிற காரில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி உள்ளே வந்துவிடுவார். எங்கே போய்விட்டு வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பம்பாயிலிருந்து வந்த மைத்துனர் இதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு, பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு ஏக்கம்தான் என்றார். அசோக் நகரில் ஒருவரை விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லியும்விட்டார். ஏற்கெனவே ஓட்டப் பழகிக்கொண்டிருந்த கமலா மட்டும் குறுக்கே நின்றாள். "நான் ஓட்டறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டா வண்டி இங்கதான் இருக்கும். வாங்கலேன்னா எடுத்துட்டுப் போகட்டும்."

நீங்கள் ஓட்டக் கூடாதா என்று கேட்கிறீர்கள். ஒருமுறை ஓட்டினேன். மாமனார் வீட்டு வாசலில் இருக்கிற வேப்ப மரத்தை நீங்கள் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச நான் விரும்பவில்லை.

ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் ஓட்டுவதைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். கமலா பழகும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் தகவல் கொடுத்துக்கொண்டே இருப்பேன். மாடு வருகிறது, பள்ளம் வருகிறது, மாடு இப்போது திரும்புகிறது, அந்தச் சைக்கிள்காரர் முகமே சரியில்லை... போன மாதம் அவளுடைய முதல் டெஸ்ட். நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய் குறுக்கே வர யோசிப்பது போல எனக்குப் பட்டது. "பிரேக்" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவள் உடனே செய்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர் முன் கண்ணாடியில் போய் மெல்ல முட்டிக்கொண்டார். நாய் அந்தப் பக்கமே படுத்துவிட்டது. டெஸ்ட்டில் ஃபெயில்.

ஆகவே இந்தத் தடவை சத்தியம். "நான் ஓட்டி முடிக்கிற வரைக்கும் உங்க குரல் என் காதுல விழக் கூடாது" என்றாள். தாராளமாகச் செய்துகொடுத்தேன். அவளுக்கு டெஸ்ட் அடையாறில். நான் பேசப்போவது லஸ்ஸில். நடுவில் ஓர் ஆறே ஓடுகிறது. இதைவிடப் பாதுகாப்பான சத்தியம் உண்டா?

காலையில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு "வணக்கம்" என்றேன்.

பக்கத்துக் கம்பம் "வணக்கம்" என்றது. அதற்கு அடுத்த கம்பம் கொஞ்சம் தயங்கி "வணக்கம்" என்றது. அப்படியே கம்பம் கம்பமாகப் போய், கடைசியில் எங்கோ மந்தைவெளியில் யாரோ பாதித் தூக்கத்தில் "க்கம்..." என்றார்கள். அதுவும் நான்தான். ஒரு மனிதன் தன்னைவிட்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிறுகிறுப்பாக இருந்தது. இட்லி சாப்பிடாமல் வந்ததும் ஒரு காரணம்.

கையில் ஒரு டைப் அடித்த தாள் கொடுத்திருந்தார்கள். இடது பக்கம் செல்லவும். திரும்பும்போது கை காட்டவும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். படித்தேன். மறுபடி படித்தேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நேரமோ நிறைய இருந்தது.

அப்போதுதான் அடையாறு பக்கமிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்து பந்தல் நிழலில் கால் ஊன்றி நின்றார். பாலம் எப்படி இருக்கிறது, வழி கிடைக்கிறதா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"பாலத்துல காத்து ஜிலுஜிலுன்னு கீது சார். மிதிக்கவே வேணாம், சைக்கிள் தானா போவுது."

இது தகவல் இல்லையா? மைக்கை இழுத்தேன். "அடையாறு செல்லும் அன்பர்கள் கவனத்துக்கு. பாலத்தின் மேல் இப்போது நல்ல காற்று வீசுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாகச் செல்லவும்" என்றேன்.

ஒரு டாக்ஸிக்காரர் தலையை வெளியே நீட்டிப் புனலைப் பார்த்தார். சிரித்தார்.

அவ்வளவுதான். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. சிக்னலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். தியாகராய நகரிலிருந்து வந்தவர், பனகல் பார்க் பக்கம் கல்யாண ஜவுளி எடுக்க ஒரு பஸ் நிறைய ஜனங்கள் வந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரா, பெண் வீட்டாரா என்று விசாரித்து அதையும் சேர்த்துச் சொன்னேன். மந்தைவெளியில் வைக்கோல் வண்டி ஒன்று முன்னால் போகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்க வேண்டாம், வாசனை பிடித்துக்கொண்டே வரலாம் என்றேன். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு கச்சேரி ரோடு வழியாக வந்த ஓர் அம்மாள், பந்தலுக்குள் எட்டிப் பார்த்து என்னையும் மைக்கையும் அளந்தார்.

"கடல் இன்னிக்கி பால் மாதிரி கம்னு கீது நைனா. அத்தயும் சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நானே கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். எத்தனையோ பேர் தினமும் இந்த முனையைத் தாண்டி ஆபீசுக்கும் கடைக்கும் ஓடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு கடல் அசையாமல் கிடக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? அந்தக் காலை வெயிலில் எனக்கு இந்த ஊரே ஒரு பெரிய வீடு மாதிரியும், நான் ஒவ்வோர் அறையாகப் போய்ச் செய்தி சொல்லிவிட்டு வருகிறவன் மாதிரியும் இருந்தது...

கண்ணைத் திறந்தபோது டிராஃபிக் கான்ஸ்டபிள் என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"சார், வண்டிக்காரனுக்கு சேதி சொல்ல சொன்னா தாலாட்டு பாடிக்கினு கீறீங்களே. ரோட்ட பாருங்க."

பார்த்தேன். வண்டிகள் நின்றிருந்தன. இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய வரை. விபத்து ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஜனங்களின் குணம் உங்களுக்குத் தெரியாதா? எங்கே மைக் கட்டினாலும், கட்சிக் கூட்டமோ கச்சேரியோ, நின்று கேட்டால்தான் மரியாதை. ஸ்கூட்டர்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்து பானெட்டில் சாய்ந்திருந்தார். இரண்டு கார்கள் ஆபீசை மறந்து கடல் பக்கம் திரும்பிவிட்டதாகக் கான்ஸ்டபிள் குற்றப்பத்திரிகை படித்தார். வண்டிகள் நிற்காமல் போவதற்காக வைத்த ரேடியோ... மயிலாப்பூரில் இப்படி ஒரு நெரிசலைத் தேரோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கான்ஸ்டபிள் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். கையை வீசி வீசி ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிவிட்டார். ஒரு டாக்ஸி நகர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்து, முன்பக்கம் சிவப்பில் எல் போர்டு மாட்டிக்கொண்டு, சின்னதாக, உருண்டையாக, பச்சையாக...

பட்டாணி.

எப்படி வந்தது? பிற்பாடு தெரிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டில் காப்பிப்பொடி தீர்ந்துவிட்டதாம். லஸ்ஸில் கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடைப்பொடிதான் அவருக்கு இறங்குமாம். டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டும் ஆயிற்று, பொடிக்குப் பொடியும் ஆயிற்று என்று விரலால் இடது வலது காட்டியே பாலத்தைத் தாண்ட வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். புருஷனுடைய குரலிலிருந்து தப்பிக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் வைத்துக்கொண்டவள். மந்தைவெளியிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் அதே குரலைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். முன்னால், என் புண்ணியத்தில், திருவிழாக் கூட்டம்.

கான்ஸ்டபிள் கை காட்டினார். பட்டாணி முன்னால் வந்தது. நாலு ரோடும் சேருகிற நட்டநடுவில் ஒரு குலுக்கு குலுக்கியது. நின்றுவிட்டது.

பின்னாலிருந்த பஸ் ரப்பர் ஹார்னை அமுக்கியது. அதற்குப் பின்னால் லாரி. அப்புறம் எல்லோரும். இத்தனை நேரம் சாதுவாக நின்று கேட்டவர்களுக்கு ஆபீஸ் ஞாபகம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வீடுதான் மைக்கில் உட்கார்ந்திருந்தது.

ஷெட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாமனார் என் கண் முன்னால் வந்தார். கண் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வண்டியை எடுத்துப் போக அசோக் நகர்க்காரரும் வந்தார். சோக்கை இழு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வா, பயப்படாதே, பின்னால் இருக்கிறவனைப் பார்க்காதே — சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கை தானாக மைக்கை இழுத்தது. வாய் தானாக ஆரம்பித்தது.

"வாகன ஓட்டிகளின் கவனத்துக்கு..."

அப்போது அவளைப் பார்த்தேன். அவள் பந்தல் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை மட்டும் எடுத்து, உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள். வீட்டில் அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் காட்டுவாளே, அதே கை.

சத்தியம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கவனத்துக்கு... கவனத்துக்கு..." என்று என் குரல் மட்டும் கம்பம் கம்பமாக நடந்து போய், மந்தைவெளியில் மறைந்தது.

அப்புறம் நடந்ததை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். லாரி ஹார்ன் நின்றது. பஸ் ஹார்ன் நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அடுத்து என்னவோ வரப்போகிறது, ஹார்ன் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று அத்தனை முகங்களும் புனலை அண்ணாந்து பார்த்தன. நாலு ரோட்டிலும் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பூக்காரி தொடுத்துக்கொண்டிருந்த நாரைப் பல்லில் கடித்தபடி மேலே பார்த்தாள். கோயில் பக்கமிருந்து ஒரு மணி, எங்கோ ஒரு காக்கை. லஸ் முனை பட்டப்பகலில் ஒரு குளம் மாதிரி ஆகிவிட்டது. அதன் நடுவில் பச்சையாக ஓர் இலை.

அந்த அமைதியில் ஸ்டார்ட்டர் ஒருமுறை இருமியது. அவள் தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டாள். சோக்கை இழுப்பது தெரிந்தது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது. கையை வெளியே நீட்டி, தாளில் டைப் அடித்திருந்ததே, அதே மாதிரி அழகாகச் சிக்னல் காட்டித் திரும்பி, காப்பிப்பொடிக் கடை வாசலில் இடது ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஜனங்கள் இன்னும் புனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் பந்தலுக்குள் தலையை விட்டார்.

"இன்னா சார், கவனத்துக்குன்னுட்டு கம்னு ஆய்ட்டீங்க? அப்பால இன்னா?"

"அவ்வளவுதான்" என்றேன். மைக் திறந்திருந்தது. அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று கம்பங்கள் எல்லோருக்கும் அறிவித்தன. ஏமாற்றத்தோடு வண்டிகள் கலைந்தன. எனக்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு சோடாவும் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். மறுநாள் மைக்கில் வேறு ஆள். எனக்குப் பின்னாலும் பிரமுகர்கள் இருந்திருக்கிறார்கள்.

கமலா பாஸ். வீட்டுக்கு வந்ததும் எப்படியம்மா ஆயிற்று என்று கேட்டேன். பொடி அரைபடுகிற வரைக்கும் இன்ஸ்பெக்டர் காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். நடுரோட்டில் நின்றுபோனதற்காக அல்ல, நின்றபோது பதறாமல் வண்டியை எடுத்ததற்காக மார்க் போட்டேன் என்றாராம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாராம்.

"மந்தைவெளியிலேர்ந்து மைக்ல ஒருத்தர் பேசிண்டே வந்தாரே, யாரும்மா அது? காத்து, கடல், வைக்கோல்னு..."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாது சார்னு சொல்லிட்டேன்" என்றாள் கமலா, கண் இமைக்காமல்.

இத்தனை வருஷத்தில் அவள் எனக்காகச் சொன்ன முதல் பொய். லைசென்ஸில் அவள் போட்டோ ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அசோக் நகர்க்காரர் வந்திருக்கிறார். ஷெட் காலி. வண்டி விற்பனைக்கு இல்லை என்று அவருக்குத் தகவல் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். பாவம், அவர் வீட்டுக் கம்பத்தில் புனல் இல்லை.

வண்டி அப்போது பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கமலா ஓட்டினாள். மாமனார் முன் சீட்டில் சட்டை மாற்றி, தலை வாரி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின் சீட்டில். ஆற்றின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. வாரிய தலையைக் காற்று ஒரே நிமிஷத்தில் கலைத்துவிட்டது. அவர் சரி செய்துகொள்ளவில்லை. முகத்துக்கு நேரே வருகிற காற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தார். பாலம் முடியப் போகும்போது மெல்லத் திரும்பினார்.

"மாப்பிள்ளை, பாலத்துல காத்து நல்லா இருக்குன்னு மைக்ல சொன்னீங்களாமே."

"ஆமாம் மாமா."

"சரியான தகவல்தான்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. காற்றின் திசை, கடலின் நிலவரம், எதிரே வருகிற மாடு எல்லாவற்றையும் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று முன்னால் சாய்ந்தேன். சின்னக் கண்ணாடியில் கமலாவின் கண்கள் தெரிந்தன. ஸ்டியரிங்கிலிருந்து இடது கை லேசாக உயர்ந்தது.

ரேடியோ நிலையம் என்னுடையதுதான், சுவிட்ச் மட்டும் முன் சீட்டில் இருக்கிறது.